சொர்ணவல்லி நடந்த எட்டு விநாடி

இலுப்பூர் டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்த ஆத்மநாதனுக்குப் பிடித்த நடிகையின் பெயர், படம் தொடங்கும்போது ஓடும் பெயர் வரிசையில்கூடக் கிடையாது. சொர்ணவல்லி. திருக்கோகர்ணத்துக்காரி. நாடகக் கம்பெனியிலிருந்து சினிமாவுக்குப் போய் ஒரே ஒரு படத்தில் நடித்தாள். 1951-இல் வந்த அந்தப் படத்தில் அவள் வேலைக்காரி. கையில் செம்போடு கிணற்றடியிலிருந்து வாசல்வரை நடந்து வருவாள். பாதி வழியில் நின்று முகத்தைத் திருப்பி நம்மைப் பார்ப்பாள். வாசலுக்கு வந்து, “ஐயா வந்துட்டாங்கம்மா” என்பாள். நடை எட்டு விநாடி, பேச்சு இரண்டு விநாடி.

ஊரே கதாநாயகிக்காகக் கொட்டகைக்கு வந்தது. ஆத்மநாதன் செம்புக்காரிக்காக மிஷினைச் சுற்றினான்.

பிலிம் அறுந்தால் அறுந்த இடத்தில் ஒன்றிரண்டு துண்டுகளை வெட்டி எறிந்துவிட்டு ஒட்டுவது ஆபரேட்டர் வேலை. ஒரு துண்டு என்பது ஒரு படம். இருபத்துநான்கு ஓடினால் ஒரு விநாடி. சொர்ணவல்லி வரும் இடத்தில் பிலிம் அறுந்தபோது ஆத்மநாதன் துண்டை எறியவில்லை. அடுத்த முறை அது அறுவதற்காகக் காத்திருக்கவும் இல்லை.

புதுக்கோட்டையில் ஒரு போட்டோ கடையின் இருட்டறையை ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டு வாங்கிக்கொண்டான். முதல் தடவை துண்டை நேராகக் காகிதத்தில் பிரிண்ட் போட்டதில் முகம் கறுப்பாகவும் கூந்தல் வெள்ளையாகவும் வந்தது. கடைக்காரர் ரத்தினவேல் விழுந்து விழுந்து சிரித்தார். “என்னய்யா, ஒன் ஆளுக்கு ஒரே நாள்ல நரைச்சுப் போச்சு?” துண்டிலிருந்து முதலில் நெகட்டிவ் எடுக்க வேண்டும் என்று அவர்தான் காட்டிக்கொடுத்தார். அப்புறம் அட்டைகள் நன்றாகவே வந்தன. முகத்தைப் பெரிதாக்கி, இடுப்போடு நிறுத்தி, கன்னத்துக்கும் உதட்டுக்கும் தண்ணீர்க் கலரில் லேசாகச் சிவப்பு ஏற்றி, பழைய கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டையில் ஒட்டுவான். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம். சைக்கிள் கடைக்கும் சலூனுக்கும் சும்மாவே கொடுத்தான்.

அதோடு நின்றிருந்தால் பெரிய சேதம் இல்லை. படம் ஊர் மாறிப் போகும்போது பிலிம் பெட்டி மூடியின் உள்பக்கம் ஓர் அட்டையைச் செருகி அனுப்பினான், அடுத்த ஊர் ஆபரேட்டர் பார்க்கட்டும் என்று. அடுத்த தடவை பெட்டி வந்தபோது மூடியில் சீட்டுகள் இருந்தன. ‘பிரமாதம். எப்படிச் செய்வது?’ என்று ஒன்று. ‘நானும் எனக்கு ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டேன்’ என்று இன்னொன்று. ஆத்மநாதனுக்கு அன்றைக்கெல்லாம் ஒரே சந்தோஷம்.

1957-இல் படம் நான்காவது தடவையாக இலுப்பூருக்கு வந்தது. பிரிண்ட் தேய்ந்துபோயிற்று, இரண்டு நாள் ஓட்டியபின் திருப்பி அனுப்பினால் அழித்துவிடுவார்கள் என்று மேனேஜர் தங்கமுத்து சொன்னார். முதல் நாள் இடைவேளையில், மிஷின் அறை வாசலில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் வந்து நின்றார். வேட்டியில் தரை டிக்கெட் மணல் ஒட்டியிருந்தது.

“தம்பி, ஒரு விஷயம் கேக்கணும். கிணத்தடியில நின்னா. கண்ணை மூடித் தொறக்குறதுக்குள்ள வாசல்ல நிக்கிறா. நடுவுல எப்படி வந்தா?”

“பிரிண்டு பழசுங்க. வெட்டுப்பட்டிருக்கு. நீங்க யாருண்ணே?”

“பிச்சைமுத்து. திருக்கோகர்ணம். அது என் தங்கச்சி.”

ஆத்மநாதன் எழுந்து நின்றுவிட்டான். “சொர்ணவல்லியம்மாவா? நல்லா இருக்காங்களா?”

“மாசியில மெட்ராஸ்ல காய்ச்சல்ல செத்துப்போச்சு. எங்களுக்குத் தெரியவே ரெண்டு மாசம் ஆச்சு.”

மறுநாள் காலையில் வரச் சொன்னான். வந்தார். ஆத்மநாதன் அந்த ரீலைச் சுற்றுக்கட்டையில் மாட்டி, விரலிடுக்கில் மெல்ல இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். கிணற்றடி. ஒட்டு. அவள் இரண்டு துண்டு. ஒட்டு. ஒரு துண்டு. ஒட்டு. வாசல். எட்டு விநாடி நடையில் மிச்சம் மூன்று படம். தன் ஒட்டு எது, அடுத்தவன் ஒட்டு எது என்று அவனுக்குப் பார்த்தாலே தெரியும். பெரும்பாலும் அடுத்தவர்கள் போட்டவை. ஆனால் அவர்களுக்கு ஆசை காட்டியது யார் என்பதும் தெரியும்.

பிச்சைமுத்து கேட்க வந்தது வேறு. “ஏழு வயசுல வண்டிச் சக்கரம் அதோட எடது கால்ல ஏறிருச்சு. வண்டி ஓட்டுனவன் நாந்தான். அதுலேர்ந்து இழுத்து இழுத்துத்தான் நடக்கும். நாடகத்துக்குப் போறேன்னு நின்னப்ப, ‘ஒன் நடையைப் பாத்து ஊரே சிரிக்கும், போ’ன்னு சொல்லிட்டேன். அதோட வீட்டு வாசப்படி மிதிக்கலை. இந்தப் படம் புதுக்கோட்டையில ஓடுனப்ப அந்தத் தெருப்பக்கமே நான் போகலை. இப்பத் தெரிஞ்சுக்கணும் தம்பி. சினிமாவுல அது எப்படி நடந்துச்சு? இழுத்துச்சா, நேரா நடந்துச்சா?”

ஆத்மநாதன் அந்த நடையை நூறு தடவைக்கு மேல் பார்த்திருந்தான்.

“நீ பாத்திருக்கேல்ல?”

“பாத்திருக்கேண்ணே.” ரீலை விட்டுக் கையை எடுத்தான். “மொகத்தைத்தாண்ணே பாத்தேன். காலைக் கவனிக்கலை.”

தன்னிடம் இருந்த அட்டைகளைக் கொண்டுவந்து கையில் கொடுத்தான். பிச்சைமுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. இடுப்புக்குக் கீழ எங்க?”

வெட்டிய பதினொரு துண்டுகளும் தகர டப்பாவில் பத்திரமாக இருந்தன. அவற்றில் கால் இருந்தது.

“அப்ப இதைத் திருப்பி ஒட்டிப்புடலாம்ல?”

“முடியாதுண்ணே. ஓரத்துல இருக்குற ஓட்டை வரிசையைப் பிடிச்சுத்தான் மிஷின் இழுக்கும். நெகட்டிவ் எடுக்க வசதியா இருக்கட்டும்னு அந்த ஓரத்தை வெட்டிட்டேன். ஒட்டுனாலும் பதினொண்ணுன்னா அரை விநாடிகூட வராது.”

பிச்சைமுத்து திட்டியிருக்கலாம். திட்டவில்லை. டப்பாவை வாங்கிப் பார்த்துவிட்டு மூடித் திருப்பிக் கொடுத்தார். அதுதான் ஆத்மநாதனுக்குத் தாங்க முடியாமல் போயிற்று. “சாயங்காலம் வாங்கண்ணே, வேற ஒரு வழி இருக்கு” என்றான்.

படம் தொடங்குமுன் கடை விளம்பரச் சிலைடுகள் காட்டுவார்கள். அன்று முதல் ஆட்டத்தில், பல்பொடிக்கும் ஜவுளிக் கடைக்கும் பிறகு, பதினொரு துண்டுகளையும் கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினான். துண்டு சின்னது என்பதால் படம் திரையை நிறைக்கவில்லை. சொர்ணவல்லி சரியாக ஓர் ஆள் உயரத்தில், செம்போடு, வெள்ளைத் துணிக்கு நடுவில் நின்றாள்.

கொட்டகைக்கு இது என்னவென்று புரியவில்லை.

“என்னய்யா வெளம்பரம் இது?”

“செம்புக் கடைடா!”

சீட்டி பறந்தது. நான்காவது சிலைடில் பிச்சைமுத்து தன்னை அறியாமல் எழுந்துவிட்டார். பின்னாலிருந்து ஒருவன் வேட்டியைப் பிடித்து இழுத்தான். “பெருசு, மறைக்குது. உக்காரு.”

“அது என் தங்கச்சிங்க.”

“அப்படியா? அப்ப நீ எனக்கு மச்சான். உக்காரு மச்சான்!”

சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பிச்சைமுத்து உட்கார்ந்தார். தங்கமுத்து மிஷின் அறைக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். ஆத்மநாதன் பதினொன்றையும் காட்டிவிட்டுத்தான் படத்தைப் போட்டான்.

முதல் ரீல் ஓடும்போது பிச்சைமுத்து அறைக்கு வந்தார்.

“ஒரு படத்துல வலது கால் முன்னால இருக்கு. ஒண்ணுல எடது கால். மத்ததுலெல்லாம் ரெண்டு காலும் சேந்து நிக்குது. எடது காலை இழுத்து வச்சாளா, தூக்கி வச்சாளான்னு அதுல தெரியலை தம்பி.”

“நேராத்தான் நடந்தாங்கண்ணே. இப்ப ஞாபகம் வருது.”

பிச்சைமுத்து அவன் முகத்தையே பார்த்தார். “காலையில மொகத்தைத்தான் பாத்தேன்னியே.”

ஆத்மநாதன் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

படப்பெட்டி மறுநாள் திருச்சிக்குப் போயிற்று. வேறு பிரிண்ட் இருக்கிறதா என்று விநியோகக் கம்பெனிக்கு எழுதினான், பதில் இல்லை. மூடியில் சீட்டு வைத்த ஆபரேட்டர்களுக்கு எல்லாம் கார்டு போட்டு, அவர்கள் வெட்டியதை அனுப்பச் சொன்னான். அவர்கள் நல்லவர்கள், அனுப்பினார்கள். கீரனூரிலிருந்து ஐந்து, விராலிமலையிலிருந்து மூன்று, மணப்பாறையிலிருந்து ஒரு கவர் நிறைய. பிரித்துப் பரப்பிப் பார்த்தால் எல்லாம் ஒரே இடம்: அவள் நின்று முகத்தைத் திருப்பிப் பார்க்கும் இடம். நடக்கிற சொர்ணவல்லியை வெட்டிவைத்துக்கொள்ள ஒருவனுக்கும் தோன்றவில்லை. அந்தப் பகுதி, அறுந்து அறுந்து, ஊர் ஊராகக் குப்பைக்குப் போயிருந்தது.

பிச்சைமுத்து மாட்டு வியாபாரத்துக்காக மாதம் ஒரு தடவையாவது இலுப்பூர்ப் பக்கம் வருவார். 1963-இல் கொட்டகையைப் பிரிக்கும்வரை, வந்தால் எட்டிப் பார்க்காமல் போகமாட்டார்.

“ஏதாச்சும் வந்துச்சா தம்பி?”

“நாலு துண்டு வந்துச்சுண்ணே.”

“நடக்குதா?”

“நிக்கிறாங்கண்ணே.”

“சரி” என்பார். அந்த நாலையும் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொன்றிலும் கீழ்ப் பக்கத்தை மட்டும் வெகுநேரம் பார்ப்பார்.