கோப்பில் ஒட்டிய மஞ்சள் சீட்டு

எங்கள் பல்கலைக்கழகத்தில் நிஜமான உத்தரவுகள் எல்லாம் மஞ்சள் சீட்டில்தான் வரும். உள்ளங்கை அகலம், பின்னால் கொஞ்சம் பசை. கோப்பு மேலே போகும். பதிவாளருக்குப் பிடிக்காத வரி ஏதாவது அதில் இருந்தால், கோப்பில் பதிவாக நிற்கும் பச்சை நோட்ஷீட்டில் அவர் ஒன்றும் எழுதமாட்டார். சீட்டில் எழுதி மேலே ஒட்டிக் கீழே தள்ளிவிடுவார். நாம் அந்தச் சீட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, அவர் சொன்னதை நமக்கே தோன்றியதுபோல நம் கையெழுத்தில் எழுதி மறுபடி அனுப்ப வேண்டும். அவர் பெருந்தன்மையாக அதன்கீழ் 'ஏற்கப்பட்டது' என்று கையெழுத்திடுவார். இதற்குப் பெயர் நிர்வாகம்.

நான் திட்டப் பிரிவில் பதினான்கு வருடம் இருந்தேன். எந்தத் துறைக்கு எத்தனை அறை, எந்த விடுதிக்கு எத்தனை காவலர், அடுத்த ஐந்து வருடத்தில் எந்தப் பணியிடம் இருக்கும், எது போகும் என்று எழுதுகிற பிரிவு அது. டெல்லிக்கு வந்து, முனிர்காவில் ஆறு பேர் சேர்ந்து எடுத்த அறையில் படித்து, பரீட்சை எழுதி வேலைக்கு வந்தவள் நான். திருநெல்வேலிக்காரி, வாய் கொஞ்சம் நீளம் என்று ஆபீஸில் பெயர். ஆனால் சீட்டு விஷயத்தில் மட்டும் அந்த வாய் மூடியே இருந்தது. எத்தனை சீட்டைக் கிழித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஒருமுறை நூலகத்தின் மாலை ஷிஃப்ட் ஊழியர்கள் இனித் தேவையில்லை என்று, சீட்டு சொன்னபடி எழுதினேன். வேலை போனவர்களில் ஒருவர் தகவல் உரிமைச் சட்டத்தில் அந்தக் கோப்பின் நகலை வாங்கிக்கொண்டு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். "இது உங்கள் எழுத்துதானே மேடம்?" என்று இந்தியில் கேட்டார். என் எழுத்துதான். வேறு யாருடைய யோசனையும் அந்தக் காகிதத்தில் இல்லை. அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை, நகலை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்குப் பட்ட அவமானம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிறகு இரண்டாவது வளாகம் வந்தது. நகரின் வடக்கு ஓரத்தில், நரேலா பக்கம். மூன்று துறைகளை அங்கே கொண்டுபோவதாகத் திட்டம். அதற்கான குழு சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் இல்லத்தில் இரண்டு நாள் கூடியது. திரையில் படங்கள் ஓடின. கண்ணாடிக் கட்டடம், புல்வெளி, புல்வெளியில் லேப்டாப்புடன் சிரிக்கும் மாணவர்கள். அந்தக் கண்ணாடியை யார் துடைப்பார்கள் என்று படத்தில் இல்லை. மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. இரண்டாம் நாள் முடிவில், துறைகள் போவதால் பழைய வளாகத்தில் துப்புரவுப் பணியாளர் பதினோரு பேர் 'உபரி' என்று சொல்லிவிட்டு எல்லோரும் காபிக்கு எழுந்தார்கள். திட்டத்தை எழுதும் வேலை எனக்கு வந்தது.

எங்கள் மாடியைத் துடைக்கிற பெண் அந்த உபரியில் ஒருத்தி. விழுப்புரம் பக்கத்துக் குடும்பம். ஜங்புராவில் வாய்க்கால் ஓரத்துத் தமிழர் குடிசைப்பகுதியான மதராசி கேம்பில் பிறந்து, அங்கேயே கல்யாணமாகி, பிள்ளை பெற்றவள். கேம்பை இடித்தபோது நரேலாவில் வீடு கிடைத்தவர்களில் ஒருத்தி. மற்ற பத்துப் பேரும் அப்படித்தான். பக்கத்தில் ஆள் இருந்தால் என்னை மேடம் என்பாள், இல்லாவிட்டால் அக்கா.

"மூணு பஸ்ஸு மாறி வரேங்க்கா," என்றாள் ஒருநாள் வாளியை வைத்துவிட்டு. "நாலு மணிக்கே எந்திரிக்கணும். ஜாம்ல மாட்டினா போச்சு, சூப்பர்வைசர் பையா அரை நாள் கட் பண்ணிடறான். ஜல்தி ஜல்தின்னு அவனுக்கு என்னா, பைக்ல வரான்."

புதிய வளாகம் அவள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். இதற்கு நிபுணர் யாரும் வந்து படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. திட்டத்தின் ஒன்பதாம் பத்தியில் எழுதினேன்: புதிய வளாகத்துத் துப்புரவு ஒப்பந்தத்தை யார் எடுத்தாலும், இங்கே தற்போது பணிபுரியும் பதினோரு பேரையும் அங்கே தொடர்ந்து வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். என் பதினான்கு வருடத்தில் நான் எழுதியதிலேயே உருப்படியான வரி அது.

மூன்றாம் நாள் கோப்பு திரும்பி வந்தது, மேலே மஞ்சள் சீட்டு. 'ஒன்பதாம் பத்தி வேண்டாம். ஒப்பந்ததாரர் தன் ஆட்களைக் கொண்டுவருவார். மாற்றி எழுதவும்.'

அதன்கீழ் பதிவாளரின் சுருக்கொப்பமும் தேதியும் இருந்தன. இதுதான் வேடிக்கை. சீட்டில் யாரும் ஒப்பமிடுவதில்லை, ஒப்பமில்லாமல் இருப்பதற்காகத்தான் சீட்டே. ஆனால் முப்பது வருடமாகக் கைக்கு வந்த காகிதத்தில் எல்லாம் சுருக்கொப்பம் போட்டுப் போட்டு, மனிதர் பழக்க தோஷத்தில் இதிலும் போட்டுவிட்டார். கேன்டீன் பில்லிலும் போடுகிறவர்தான்.

நான் அந்தச் சீட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நூலகக்காரரின் முகம் வந்து போனது. மேஜை டிராயரைத் திறந்து கோந்துப் பாட்டிலை எடுத்தேன். சீட்டின் சொந்தப் பசை இரண்டு நாள்கூடத் தாங்காது. நான்கு ஓரத்திலும் கோந்து தடவி, நோட்ஷீட்டில் நடுவாக ஒட்டி, நகத்தால் நீவிவிட்டேன். மேல் மூலையில் பக்க எண் போட்டேன், நாற்பத்தேழு. கீழே எழுதினேன்: 'மேலே உள்ள குறிப்பின்படி ஒன்பதாம் பத்தியை நீக்கச் சொல்லப்படுகிறது. எனக்கு உடன்பாடில்லை. இவர்களை நீக்குவதற்கான காரணத்தை மேலதிகாரி பதிவு செய்யலாம்.' கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலையிலேயே கூப்பிட்டார்.

"இது என்ன, மேடம்?" கோப்பு அவர் முன்னால் திறந்திருந்தது. நாங்கள் பேசியது இந்தியில்.

"உங்கள் சீட்டு சார்."

"சீட்டு கோப்பில் சேராது. பிரித்து எடுங்கள்."

"பக்க எண் போட்டாயிற்று சார், இனி சேர்ந்ததுதான். பிரித்தால் நோட்ஷீட் கிழியும். நாற்பத்தேழாம் பக்கம் எங்கே என்று ஆடிட்டில் கேட்பார்கள்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பதினோரு ஜாடூவாலிகளுக்காக உங்கள் சர்வீஸைக் கெடுத்துக்கொள்கிறீர்களே."

துடைப்பக்காரிகளாம். கோபத்தில் எனக்குக் காது சுட்டது. "அதையும் நோட்ஷீட்டிலேயே எழுதிவிடுங்கள் சார், உங்கள் கையெழுத்தில்," என்றேன்.

நான்கு நாள் கோப்பைத் தன்னிடமே வைத்திருந்தார். திட்டத்துக்கு ஒப்புதல் தர வேண்டிய ஆட்சிக்குழுவின் கூட்டம் நெருங்கியது. கோப்பு போகாமல் திட்டம் போகாது, திட்டம் போகாமல் கண்ணாடிக் கட்டடத்தைத் திறக்க முடியாது. ஐந்தாம் நாள் வந்து சேர்ந்தது. அவருடைய வரி ஒன்று, நோட்ஷீட்டிலேயே: 'ஒன்பதாம் பத்தி இருக்கட்டும்.' சீட்டு எதுவும் இல்லை.

பெருமை தாங்காமல், வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணிடம் போய்ச் சொன்னேன். துள்ளிக் குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் துடைப்பதை நிறுத்தவே இல்லை.

"அதுல எங்க பேரு இருக்குதா?"

"பேரு எதுக்கு? இப்போ வேலை பார்க்கிற பதினோரு பேருன்னு இருக்கு."

"அச்சா." துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "போன கான்ட்ராக்டர் மாறினப்ப பத்து பேர வச்சுக்கோன்னாங்க. புதுசா வந்தவன் தன் மச்சான் கூட்டியாந்த பத்து பேர வரிசையா நிறுத்திட்டு, எண்ணிக்கோங்க, பத்து இருக்குதுன்னான். நாங்க எட்டு மாசம் வீட்ல குந்தினு இருந்தோம். பேரு போடுங்க அக்கா. பேரு இல்லாத காயிதம் எனக்கு எதுக்கு?"

பதினான்கு வருடம் பணியிடங்களை எண்ணிக்கொண்டிருந்த எனக்கு இது தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது, அவள் மேல் கொஞ்சம் எரிச்சலும் வந்தது. இரவெல்லாம் யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது சரி.

காலையில் எனக்கு மாற்றல் உத்தரவு காத்திருந்தது. தேர்வுப் பிரிவின் விடைத்தாள் கிடங்கு, அன்று மாலையே பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். எதிர்பார்த்ததுதான் என்றாலும் இவ்வளவு ஜல்தியாக வரும் என்று நினைக்கவில்லை. கோப்பு ஆட்சிக்குழுவுக்குப் போக வேண்டியதும் அன்று ஐந்து மணிக்கு. அதுவரை நான்தான் திட்டப் பிரிவு.

மதியம் பதினோரு பேரும் யூனிஃபார்முடன் என் அறைக்கு வந்தார்கள். ஒரு முழுத்தாளைக் கொடுத்து, பெயரையும் கேட் பாஸ் எண்ணையும் எழுதச் சொன்னேன். இரண்டு பேர் கைநாட்டு வைத்தார்கள், அவர்கள் பெயரை மற்றவர்கள் எழுதினார்கள். எல்லாம் தமிழில். பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதிவிடலாமா என்று பேனாவைத் திறந்தேன். பிறகு மூடிவிட்டேன். படிக்க வேண்டுமென்றால் அவர்களைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லட்டுமே என்றிருந்தது. ஒன்பதாம் பத்தியில் சொல்லப்பட்டவர்களின் பட்டியல் இது என்று ஒரு வரி எழுதி, கையெழுத்திட்டு, பக்க எண் போட்டுச் சேர்த்தேன்.

ஆட்சிக்குழு திட்டத்தை அப்படியே ஏற்றது. இணைப்புகளைப் புரட்டிப் பார்க்கிற வழக்கம் அங்கே யாருக்கும் இல்லை. ஒப்புதலான நகல் ஒன்று அவள் கைக்குப் போனது. எப்படிப் போனது என்று நான் எழுதப்போவதில்லை.

புதிய வளாகம் திறந்த அன்று நான் கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். பத்து மணி வாக்கில் அவள் போன் வந்தது.

"அக்கா, புது கான்ட்ராக்டர் கேட்லயே நிறுத்திட்டான். அவன் ஆளுங்க பதினோரு பேரு முன்னாடியே வந்து நின்னுனு இருந்தாங்க. எண்ணிக்கோ, சரியா இருக்குதுன்னான்."

"காகிதத்தைக் காட்டினியா?"

"காட்டினேன். பேர படிச்சுக் கூப்பிடு பையா, யாரு கை தூக்கறாங்கன்னு பாக்கலாம்னேன். தமிழ்ல இருக்குதா, திருதிருன்னு முழிச்சான். அவன் ஆளுங்களும் முழிச்சாங்க."

"அப்புறம்?"

"அவனுக்கு எதுக்குக் கஷ்டம்? நாங்களே ஒவ்வொருத்தரா சத்தமா பேரச் சொல்லி பாஸைக் காட்டினோம், வாட்ச்மேன் காயிதத்துல நம்பரப் பாத்துப் பாத்து உள்ள விட்டுட்டான். வைக்கறேன்க்கா, மூணாவது மாடி பூரா என்னுது."