ரோட்டைக் கழுவ விடாதவர்

எரியோடு பக்கம் ஆசிட் லாரி கவிழ்ந்து சாலையெல்லாம் புகைந்தது. பக்கத்து ஊரிலிருந்து சந்தைக்குக் கிளம்பிய என் மல்லிகை மூட்டைகள் வேனில் வாடிக்கொண்டிருந்தன. வழிமறித்து நின்ற தீயணைப்பு அதிகாரி குள்ளமானவர். சற்றைக்கொரு தரம் மண்ணைக் கிள்ளி வீசி, காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார்.

"தண்ணிய அடிச்சுக் கழுவி விட்டா போயிருவோம்ல சார்?" என்று கத்தினேன்.

"கழுவுனா அம்புட்டும் இந்தா கீழ ஓடுற ஒங்க ஊரு வாய்க்காலுக்குத்தான்யா போகும். சுண்ணாம்பு வரட்டும். போட்டு ஆசிட்ட முறிச்சுத்தான் விடுவேன்."

அவர் போன் அடித்தது. அமைச்சர் வருகிறார், கழுவித் திறந்துவிடு என்று மேலதிகாரி அதட்டியது எனக்கே கேட்டது.

"தெறக்க மாட்டேன் சார். வேணும்னா என்னைய மாத்திக்கங்க."

போனைப் பையில் போட்டுவிட்டு மறுபடி மண்ணைக் கிள்ளினார்.

அன்று என் பூவெல்லாம் குப்பைக்குப் போனது. மறுவாரமே அவரை மாற்றிவிட்டார்கள். எந்த ஊருக்கு என்று தீயணைப்பு நிலையத்தில் கேட்டால் சொல்ல மறுக்கிறார்கள். எங்கள் வாய்க்காலில் தவளைகள் இன்னும் கத்துகின்றன.