மயக்கம் இல்லை, தலைச்சுற்று

போன செவ்வாய்க்கிழமை கண்டி பஸ்ஸில் மறுபடியும் வந்தது. கெலிஓயாவில் ஏறி சீட் பிடித்து உட்கார்ந்தேன். பின்னால் யாரோ கூப்பிட்ட மாதிரி இருக்க, சட்டென்று திரும்பினேன். அவ்வளவுதான்... பஸ் முழுக்கச் சுற்றியது. முன்சீட் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். பக்கத்தில் இருந்த தெரிந்த அம்மா தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

"மயக்கமா டீச்சர்? ஏதும் விசேஷமா?"

எனக்கு வயது நாற்பத்தொன்பது. சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. மயக்கம் என்ற சொல்லைக் கேட்டாலே இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு வைரஸ் காய்ச்சல் வந்தது. அது போன கையோடு தலை சுற்ற ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்குப் போனேன். டொக்டருக்குத் தமிழ் தெரியாது. மற்ற நாளென்றால் நானே சிங்களத்தில் சமாளித்திருப்பேன். அன்று வாந்தி எடுத்துக்கொண்டு, கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தேன். நோயாளியைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போன ஒருவரைத்தான் மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள்.

"அடிக்கடி மயக்கமா வருதுங்க" என்றேன்.

அவர் அதை, எனக்கு அடிக்கடி நினைவு தப்பிப் போகிறது என்று சிங்களத்தில் சொல்லிவிட்டார். டொக்டரும் அப்படியே எழுதிவிட்டார்; பிறகு ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. அப்புறம் என்ன? ஈ.சி.ஜி., இரத்தப் பரிசோதனை, பிரஷர், இதய கிளினிக். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். வீடு மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது!

லீவுக் கடிதத்தோடு அந்த ரிப்போர்ட் பாடசாலைக்கும் போனது. நினைவு தப்பி விழுகிற டீச்சரை வகுப்பில் விட்டால் யார் பொறுப்பு என்று பாடசாலை அதிபர் பயந்துவிட்டார். என் பதினோராம் ஆண்டு வகுப்பைப் பிடுங்கி வேறு ஆளிடம் கொடுத்து, என்னை நூலகத்தில் உட்கார வைத்தார். இரண்டு வருடம் நான் கொண்டுவந்த பிள்ளைகள். பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது.

பஸ்ஸில் அப்படி ஆன அன்றே, நேராகக் காது டொக்டர் ஒருவரிடம் போனேன். சின்ன வயது. வகுப்புக்குப் போய்த் தமிழ் படித்தவராம். உடைந்த தமிழில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"மிஸ், நீங்க சுத்துறதா, வீடு சுத்துறதா?"

வீடுதான் என்றேன். கட்டிலில் படுக்க வைத்துத் தலையைத் திருப்பிப் பார்த்தார். காய்ச்சல் உள்காதைப் பாதித்திருக்கிறது, இதயத்துக்கு ஒன்றுமில்லை, இது கொஞ்ச காலம் வந்து வந்து போகும், தலைக்கும் கண்ணுக்கும் பயிற்சி செய்யுங்கள் என்றார். நினைவு தப்புவதில்லை என்று கடிதமும் தந்தார்.

இந்த ஒரு கேள்வியைக் கேட்க மூன்று மாதம் ஒருவருக்கும் தோன்றவில்லையே! இத்தனை தமிழர் வந்து போகிற ஆஸ்பத்திரியில், நோயாளியின் வருத்தத்தைச் சரியாக எடுத்துச் சொல்ல ஓர் ஆளைப் போட முடியாதா? தள்ளுவண்டிக்காரர் பாவம், அவர் வேலையா இது?

அதைவிடக் கோபம் என் மேல்தான். இருபத்திரண்டு வருடத் தமிழ் டீச்சர் நான். பிள்ளைகளின் கட்டுரையில் ஒரு சொல் பிசகினால் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுகிறவள். நமக்குப் பசித்தாலும் மயக்கம், வெயிலில் நின்றாலும் மயக்கம், பிள்ளை உண்டானாலும் மயக்கம், குடித்தாலும் மயக்கம். தலைச்சுற்று என்று நல்ல சொல் இருக்க, நானும் மயக்கம் என்றே சொல்லித் தொலைத்தேன்.

டொக்டரின் கடிதத்தை அதிபரிடம் கொண்டுபோய் நீட்டினேன். கதிரையில் உட்கார்ந்தே பாடம் எடுக்கிறேன், வகுப்பைத் தாருங்கள் என்றேன். அவர் உறையைப் பிரிக்கவே இல்லை.

"அடுத்த தவணை பாப்போம் டீச்சர். இப்ப நல்லா ரெஸ்ட் எடுங்க."

அடுத்த தவணையா? பிள்ளைகள் பரீட்சை எழுதி முடித்திருப்பார்களே!

வலயக் கல்விப் பணிமனைக்கு முறைப்பாடு எழுத உட்கார்ந்தேன். குனிந்து எழுதினால் சுற்றுகிறது. நிறுத்தி நிறுத்தி, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நானே எழுதி முடித்தேன்.

மயக்கம் என்ற சொல் மூன்றிலும் இல்லை.