இரண்டாவது தட்டு

கல்லூரி ஆய்வகத்தின் ஜன்னலோரம் இரண்டு கண்ணாடித் தட்டுகள். இரண்டிலும் ஈரப்பஞ்சின்மேல் பரப்பிய பாசிப்பயறு, ஒன்றுகூட முளைவிடாமல் ஊதிக் கறுத்துக் கிடந்தது. தொண்ணூறுகளில் திண்டுக்கல்லில் நான் தாவரவியல் முதலாண்டு படித்தபோது, என் ஆய்வகத் தோழி அவற்றின் முன்னால் அசையாமல் நின்றிருந்தாள்.

முதலாண்டிலேயே பிள்ளைகள் சொந்தமாக ஆராய்ச்சி செய்ய வேண்டும், செய்து தோற்றால்தான் அறிவியல் படியும் என்பது எங்கள் பேராசிரியரின் பிடிவாதம். தோல் ஆலைக் கழிவுநீரில் விதை முளைக்குமா என்பது எங்கள் இருவருக்கும் கிடைத்த கேள்வி. ஒரு தட்டுக்கு ஆலை வாய்க்கால் நீர். ஒப்பிட்டுப் பார்க்க, அதாவது கன்ட்ரோலாக, இன்னொன்றுக்கு நல்ல நீர். இரண்டையும் அவளே பாட்டில்களில் பிடித்துக் கொண்டுவந்தாள். அவளுடைய அத்தா அந்த ஆலையில்தான் தோல் கழுவினார். வீடும் அதன் பின்னால்தான்.

நல்ல நீரிலும் விதை செத்ததும், பேராசிரியர் அந்தத் தட்டை வகுப்பு முழுக்கத் தூக்கிக் காட்டினார். "பாட்டில மாத்தி ஊத்திட்டு வந்து நிக்குது பாருங்க. வீட்ல வெஞ்சனம் வைக்கிறதுன்னு நெனச்சியாம்மா?" எல்லோரும் சிரித்தார்கள். மறுபடி செய்தாள், அதேதான். அடுத்த முறை அவரே கல்லூரிக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து மூன்றாவதாக ஒரு தட்டில் ஊற்றினார். அது மட்டும் வெள்ளை வெளேரென்று முளைவிட்டது.

"அந்த நல்ல தண்ணிய எங்க பிடிச்ச?"

"எங்க வீட்டுக் கெணத்துல சார். குடிக்கிற தண்ணி."

அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். "அருமை! கழிவு நெலத்துக்குள்ள எறங்கியிருக்கு. அப்ப அது கன்ட்ரோல் இல்ல, ரெண்டாவது சாம்பிள். மாத்தி எழுது."

"சார், அதக் குடிக்கலாமா?"

"அது உன் ஆராய்ச்சிக் கேள்வி இல்லம்மா."

அந்த ஆண்டின் சிறந்த ஆய்வு எங்களுடையது. இன்று முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஒப்பீட்டுத் தட்டைப் பற்றி நான் நடத்துவது அன்று கற்ற பாடத்தைத்தான். அவரைவிடத் தெளிவாக எனக்கு அதை யாரும் சொல்லித்தந்ததில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் அவர்மேல் கசப்பும் கூடவே வருகிறது.

பரிசு வாங்கிய அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். அந்தத் தெருவுக்கு வேறு தண்ணீர் கிடையாது. அதனால் வீட்டில் அவள் எதையும் சொல்லியிருக்கவில்லை.

"மொத மொத வந்திருக்க, டீ குடிச்சிட்டுத்தான் போகணும்" என்று அவள் அம்மா இரண்டு டம்ளர்களை நீட்டினார். வாயருகே கொண்டுபோன என் டம்ளரை அவள் வெடுக்கென்று பிடுங்கி வாசலில் கொட்டினாள்.

"என்னடி இது?" என்றார் அம்மா.

அவள் தன் டம்ளரை எடுத்து, அம்மாவைப் பார்த்துக்கொண்டே, கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.