மலிவாக வாங்கிய நான்கு டயர்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, நவம்பர் கடைசி வாரம். கனடாவில், மொன்றியலில், டிசம்பர் பிறப்பதற்குள் வண்டிக்குக் குளிர்கால டயர் போட்டாக வேண்டும், அது சட்டம். என்னிடம் இருந்தது பின்னால் சாமான் ஏற்றும் ஒரு பழைய பிக்கப். வீடுகளில் குளியலறைக்கு டைல்ஸ் பதிப்பது என் தொழில். காலையில் குனிந்தால் பின்னேரம்தான் நிமிர்வேன். அந்த வருடம் முழங்கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. கடை கடையாக ஏறி இறங்க உடம்பில் தெம்பில்லை. கேட்ட இரண்டு இடத்திலும், பிக்கப்புக்கு என்றதும் சொன்ன விலையில் தலை சுற்றியது.

அப்போதுதான் எங்கள் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் நான்கு பழைய டயர்கள் விற்பனைக்கு வந்தன. லொங்குய்யில் ஒரு வீடு. போய்ப் பார்த்தேன். குளிர்கால டயருக்குரிய, மலையும் பனியும் பொறித்த அடையாளம் இருந்தது, ஆகவே பொலிஸ் பிடிக்காது. டயரின் வெட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். நல்ல ஆழம், புதிது மாதிரி. விற்றவரும் எதையும் ஒளிக்கவில்லை.

"கனகாலம் கராஜுக்குள்ள கிடந்தது அண்ணை. ஓடினது குறைவு" என்றார்.

எனக்கு அது இன்னும் நல்ல செய்தியாகப் பட்டது.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவன் நான். டயர் தேய்ந்து நூல் தெரிந்தாலும், உள்ளே இன்னொரு துண்டு டயரை வைத்து ஓடுவோம். அப்படிப் பழகியவனுக்கு வெட்டுத் தேயாத டயர் என்றால் தங்கம். ரப்பருக்கும் வயது உண்டு என்று யாராவது சொன்னாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

ஒருவர் சொல்லத்தான் செய்தார். வில்லரேயில் டயர் மாற்றப் போன கராஜில் ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும். என் டயரில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினார். அடையாளமே விழவில்லை. பக்கத்தில் இருந்த புது டயரில் அழுத்தினார். நகம் பதிந்தது. பிறகு டயரின் ஓரத்தில் இருந்த நான்கு இலக்கங்களைக் காட்டி, இது செய்து பன்னிரண்டு வருடம், குளிரில் கல்லாகிவிடும், தரையைப் பிடிக்காது என்று பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து சொன்னார். தன்னிடம் நடுத்தர விலையில் நல்லது இருக்கிறது என்றும் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தை போதுமாயிருந்தது எனக்கு. சரி, வியாபாரம் பேசுகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். மண்ணெண்ணெயில் ஓட்டியவனுக்கே பாடமா? இதையே போடுங்கள் என்றேன். அவர் பெருமூச்சு விட்டபடி அவற்றையே போட்டுத் தந்தார்.

வீட்டில் மனைவி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "உங்களுக்கு மலிவெண்டா கண் தெரியாதப்பா" என்றாள். நான் சிரித்தேன்.

இரண்டு கிழமை ஒரு குறையும் இல்லை. பின்னால் டைல்ஸ் பெட்டிகளின் பாரம் இருந்ததால் வண்டி தரையைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறது. அது எனக்கு அப்போது விளங்கவில்லை.

மனைவிக்குக் கர்க்லாண்டில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. அந்தப் பக்கம் எனக்கு வேலை இருக்கும் நாட்களில், நான்கரை மணிக்குப் பேருந்துத் தரிப்பில் அவளை ஏற்றிக்கொண்டு வருவேன். அப்படி ஒரு நாள், காலையில் மழை பெய்து அப்படியே உறைந்திருந்தது. டைல்ஸ் எல்லாவற்றையும் இறக்கியாயிற்று, வண்டி வெறும் வண்டி. எனக்கோ கண் இரண்டும் செருகிக்கொண்டிருந்தன. தரிப்பின் விளிம்பில் அவள் நிற்பது தெரிந்தது. என்னைக் கண்டு கையைத் தூக்கினாள். வழக்கம்போல் பிரேக்கை மிதித்தேன்.

வண்டி நிற்கவில்லை. காலுக்கடியில் பிரேக் கடகடவென்று அதிர்ந்ததே தவிர வேகம் குறையவில்லை. பின்பக்கம் மெதுவாக வலப்பக்கம் திரும்பி அவளை நோக்கியே போனது. நான் விளையாடுகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, ஒரு கணம் அவள் சிரித்தாள். பிறகு பையை எறிந்துவிட்டுப் பின்னால் இருந்த பனிக் குவியலில் விழுந்தாள். அவள் நின்ற இடத்தில் இருந்த கம்பத்தில் வண்டியின் வால் மோதி நின்றது.

இறங்கி ஓடப் போய் நானும் வழுக்கி விழுந்தேன். தவழ்ந்துதான் அவளிடம் போனேன். "எனக்கு ஒண்டுமில்லை" என்றாள். ஒரு சப்பாத்து பனிக்குள் புதைந்திருந்தது. இரண்டு பேரும் கையால் தோண்டி எடுத்தோம். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "வீட்டை போவம். மெல்லமாப் போங்கோ" என்றாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வழி முழுக்கக் கதவுக் கைப்பிடியை அவள் விடவே இல்லை.

அடுத்த நாள் காலையில் அதே கராஜ் வாசலில் நின்றேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். முன்பதிவும் இல்லை, முன்னால் ஏழெட்டு வண்டிகள். அந்தப் பெண் வண்டியின் நசுங்கிய வாலைப் பார்த்தார். யாருக்காவது அடிபட்டதா என்று மட்டும் கேட்டார். என் மனைவி மேல் மோதப் பார்த்தது, ஆனால் ஒன்றும் ஆகவில்லை என்றேன். அவர் தன் மத்தியான இடைவேளையில் அந்த நடுத்தர விலை டயர்கள் நான்கையும் போட்டுத் தந்தார். நான் அன்றே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கும் அளவுக்கு எனக்குப் பிரெஞ்சு வரவில்லை. நன்றி சொல்ல மட்டும் தெரியும். மெர்சி என்றேன், திரும்பத் திரும்ப.

அந்த டயர்களில் இது நான்காவது குளிர்காலம். வண்டி சொன்ன இடத்தில் நிற்கிறது. நாங்கள் அந்த நாளைப் பற்றிக் கதைப்பதில்லை, அவள் மறந்துவிட்டாள் என்றுகூட நினைத்திருந்தேன். போன கிழமைதான் கவனித்தேன். தூரத்தில் என் வண்டியைக் கண்டதும் அவள் கையைத் தூக்குகிறாள், சிரிக்கிறாள், அப்படியே இரண்டடி பின்னால் போய் நிற்கிறாள். தான் அப்படிச் செய்வது அவளுக்கே தெரியாது. டயர் மாற்ற ஒரு மணித்தியாலம் போதுமாக இருந்தது, அந்த இரண்டடி அவள் திரும்ப முன்னால் வர நான் இன்னும் எத்தனை குளிர்காலம் மெதுவாக ஓட்ட வேண்டுமோ தெரியவில்லை.