மிதித்தால் எரிந்த வெளிச்சம்

என் அக்கா இரத்தம் போய்த்தான் செத்தாள். மாரிமழைக் காலம். பின்னேரம் ஐந்து மணிக்கே, வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரை முழுவதும் இருண்டிருந்தது. சண்டையில் மின்கம்பிகள் அறுந்து விழுந்து இரண்டு வருடமாகிவிட்டது. வாவியைத் தாண்டி மண்ணெண்ணெய் கொண்டுவர ஆமிக்காரர் விடமாட்டார்கள். எங்கள் ஊர் டிஸ்பென்சரியில் இருந்தது ஒரு குப்பிவிளக்கு மட்டும்.

பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. நன்றாக அழுதது. அதற்குப் பிறகும் இரத்தம் நிற்கவில்லை.

"எங்கேருந்து வருதெண்டு தெரியுதில்ல புள்ள, விளக்கக் கிட்டப் புடி" என்றார் மருத்துவிச்சி. பிடித்தேன். யன்னலால் வந்த காற்று அதை இரண்டு தடவை அணைத்தது. மூன்றாம் தடவை ஏற்றியபோது அக்காவின் கை குளிர்ந்திருந்தது.

அத்தான் நெல் ஆலையில் இயந்திரம் ஓட்டியவர். டீசலுக்குத் தடை வந்ததிலிருந்து ஆலை பூட்டிக் கிடந்தது. அதிகம் பேசமாட்டார். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் மருத்துவிச்சியிடம் போனார். குழந்தையை வைத்துக்கொண்டு நானும் கூடப் போனேன்.

"மிஸ்ஸி, எவ்வளவு வெளிச்சம் இருந்திருந்தா அவளக் காப்பாத்தியிருக்கலாம்?"

"ஒரு நல்ல டோர்ச் வெளிச்சம். ஒரு மணித்தியாலம்." மருத்துவிச்சி அழத் தொடங்கிவிட்டார். அத்தான் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்தார்.

பற்றரி எங்கள் பக்கம் வராது. அதனால் அத்தான் தன் சைக்கிளை ஒரு மரச்சட்டத்தில் இறுக்கி, பின்சில்லு நிலத்தில் முட்டாமல் தூக்கி நிறுத்தினார். சில்லோடு டைனமோவை உரச வைத்து மிதித்தார். பல்ப் எரிந்தது. ஆனால் அந்த ஒன்று போதவில்லை. இன்னும் இரண்டு டைனமோ வேண்டும். கேட்டுப் போக அவருக்கு வாய் வராது. நான் வீடு வீடாகப் போனேன்.

சிலர் கதவைத் திறக்கவேயில்லை. "ஆமிக்காரன் கேட்டா ஆரு பதில் சொல்லுற?" என்றார் ஒருவர். வாவியில் மீன்பிடிக்கும் ஒருவரின் மனைவி, ஐந்து பிள்ளை பெற்றவர், நான் சொல்லி முடிக்கும் முன்பே கணவரின் சைக்கிளிலிருந்து டைனமோவைக் கழற்றத் தொடங்கினார். மற்றதைப் பள்ளிக்கூட வாத்தியார் தந்தார்.

யார் மிதிப்பது என்பதில்தான் சிக்கல். பிள்ளைப்பேறு நடக்கும் அறைக்குப் பக்கத்தில் இருக்க ஆண்கள் கூச்சப்பட்டார்கள். பெண்களில் பாதிப்பேருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் கூட்டம் கூடி இரண்டு நாள் கதைத்தோம்.

"இது ஓடப்போறல்லயே, விழவா போறம்? சீலையத் தூக்கிச் செருகிட்டு மிதிக்க வேண்டியதான்" என்றார் அந்த ஐந்து பிள்ளைத் தாய். அத்தோடு கூட்டம் முடிந்தது. சைக்கிளுக்கும் கட்டிலுக்கும் நடுவில் தென்னோலைக் கிடுகுத்தட்டி ஒன்றைக் கட்டினோம். பன்னிரண்டு வீட்டுப் பெண்கள் முறை வைத்துக்கொண்டோம்.

மிதிப்பவளுக்கு எதுவும் கண்ணுக்குத் தெரியாது, எல்லாம் கேட்கும். கால் தளர்ந்தால் தட்டிக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் மங்கும். "மிதி, மிதி" என்று மருத்துவிச்சி கத்துவார். சைக்கிள் வைத்த பிறகு அந்த வருடம் எங்கள் ஊரில் ஒரு தாயும் சாகவில்லை. ஒரு பிள்ளை மட்டும் இறந்து பிறந்தது. அன்று என்னுடைய முறை. அழுகைச் சத்தம் வரும் வரும் என்று மிதித்துக்கொண்டேயிருந்தேன். நிறுத்தச் சொல்லவும் ஒருவரும் வரவில்லை.

மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலம் வந்தபோது அத்தானுக்கு இன்னொரு யோசனை வந்தது. தார்ப்பீப்பாயை வெட்டிக் காற்றாடிக்கு இறக்கைகள் செய்தார். ஓடாமல் நின்ற தன் உழவு இயந்திரத்தின் டைனமோவையும் பழைய பற்றரியையும் நிறைய வயல் வைத்திருந்த ஒரு போடியார் தாமாகவே கொண்டுவந்து தந்தார். முன்பு கதவைத் திறக்காதவர்களும் வந்து கயிறு இழுத்தார்கள். வாவிக்கரையில் தென்னங்குற்றி எழுந்து நின்று, அதன் உச்சியில் காற்றாடி சுழன்று பற்றரியை நிரப்பியது. டிஸ்பென்சரி விறாந்தையில் பிள்ளைகள் புத்தகத்தோடு வந்து குந்தினார்கள். அக்கா போன பிறகு அத்தான் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

பல்ப் பதினொரு நாள் எரிந்தது. பிறகு ஆமியோடு சண்டை பிடிக்கும் இயக்கப் பொடியன்மார் இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள்.

"அண்ணன், இந்தப் பற்றரி எங்களுக்குத் தேவைப்படுது."

"புள்ளப்பெறுற இடத்துக்கு வெச்சது தம்பி."

"தெரியும் அண்ணன்" என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போனார்கள். கண்ணிவெடிக்கு என்று ஊரில் கதைத்தார்கள்.

காற்றாடி சும்மா சுழன்றது. இன்னொரு பற்றரி எப்படியாவது கிடைக்கும் என்று அத்தான் அதை இறக்கவில்லை. இறக்கச் சொல்லி நானும் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து ஆமியின் சுற்றிவளைப்பு. காலை எட்டு மணிக்கு ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் வெயிலில் இருத்தினார்கள். வாவிக்கரையில் நின்ற கம்பத்தைக் காட்டி, இது எந்த அன்டெனா, யார் கட்டியது என்று கேட்டார்கள். எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். வாத்தியாரின் முடியைப் பிடித்து எழுப்பியபோது அத்தான் தானாக எழுந்தார்.

"நான்தான் ஐயா. வெளிச்சத்துக்குச் செஞ்சது."

கம்பத்தை வெட்டி வாவிக்குள் தள்ளினார்கள். அவரை ட்ரக்கில் ஏற்றினார்கள். அவரது செருப்பு மைதானத்திலேயே கிடந்தது.

மறுகிழமை திரும்பவும் கூட்டம். சைக்கிளையும் உடைத்துப் போடச் சொன்னார்கள் பலர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. "அடுத்த மாசம் என்ட மகளுக்கு நாள் இரிக்கி. உடைக்கிற ஆள் வந்து விளக்குப் புடிக்கட்டும்" என்றார் போடியாரின் மனைவி. ஒருவரும் உடைக்கவில்லை. பிறகு பக்கத்து ஊரிலிருந்து நான்கு பெண்கள் பார்க்க வந்தார்கள். அங்கேயும் ஒன்று பூட்டினோம். அதற்கு அடுத்த ஊரில் எங்களைக் கேட்காமலே செய்துகொண்டார்கள்.

நான் அக்காவின் மகளைத் தூக்கிக்கொண்டு அத்தானைத் தேடி ஆமி முகாம் முகாமாக அலைந்தேன். அக்கரையில் ஒரு முகாமில் மட்டும் விபரம் எழுதினார்கள். எழுதியவருக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும்.

"ஆளுக்கு என்ன தொழில்?"

ஆலையில் வேலை என்று சொல்லியிருக்கலாம். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"கரண்ட் வேலை தெரியும் ஐயா. நல்லாச் செய்வார்."

அவர் பேனையை நிறுத்தி என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு அதை எழுதி, அதன் கீழே ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டை எதற்காகப் போட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு அதே முகாமுக்கு ஒன்பது தடவை போனேன். அப்படி ஒரு ஆள் இங்கே வரவேயில்லை என்றார்கள்.