பள்ளம் சொல்லுற பேர்னாட்

"பள்ளம்."

ஜம்பட்டா வீதியில காலமை ஆறரைக்கு இந்தக் குரல் கேட்டால், பேர்னாட் வேலைக்குப் போறார். ரெண்டு சீற்று, ரெண்டு ஹாண்டில், நாலு பெடல் உள்ள நீட்டுச் சைக்கிள். முன்னுக்கு அவர். பின்னுக்கு ஒருத்தருமில்லை. ஆளில்லாத பெடல் ரெண்டும் தன்பாட்டுக்குச் சுத்திக்கொண்டு போகும். குழி வந்தால் முன்னால இருக்கிறவர் சொல்லவேணும், பின்னால இருக்கிறவன் எழும்பி இடுப்பைக் காப்பாத்திக்கொள்ளவேணும். அதுதான் அந்தச் சைக்கிளின்ர சட்டம். பின்னுக்கு ஆளில்லாமப் போய் ரெண்டு வருசம். சட்டம் மட்டும் ஓடுது.

"பேர்னாட் அய்யே, பின்னால இருக்கிறவர் டிக்கட் எடுத்தவரா?" எண்டு பேக்கரி ஹாஷிம் கேப்பான்.

"அவர் சீசன் டிக்கட்" எண்டு சொல்லுவார். சிரிக்கமாட்டார்.

துறைமுகக் கூடத்தில பெட்டி எண்ணுற கிளாக். வயசு நாப்பத்தெட்டு. பயந்த மனுசன் எண்டால் அப்பிடி இப்பிடிப் பயமில்லை. குளிக்கப் போனாலும் அடையாள அட்டையை சோப்புப் பெட்டியில வைச்சுக்கொண்டு போறவர். இது அவரின்ர மனுசி கொன்ஸ்ரன்ஸ் பைப்படியில சொன்னது. ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ எண்டு சொல்லித்தான் சொன்னவ. அப்பிடி அவ சொன்னது கொட்டாஞ்சேனையில பாதிப் பேருக்குத் தெரியும்.

அந்த வீட்டு முன்னறையில இருந்தவன் வலன்ரைன். மன்னார்ப் பெடியன், அதே கூடத்தில வேலை. அவன் வந்து ரெண்டாம் வருசம், சண்டையால, தமிழாக்கள் வீட்டில ஆர் ஆர் இருக்கினம் எண்டு பொலிஸுக்கு எழுதிக் குடுக்கவேணும் எண்டு வந்தது. பேர்னாட் தன்னை எழுதினார், மனுசியை எழுதினார், மகள்மார் ரெண்டு பேரையும் எழுதினார். வருசத்தில ரெண்டு தரம் நீர்கொழும்பில இருந்து வாற மாமியாரையும் எழுதினார். வலன்ரைனை எழுதேல்லை. "மன்னார் எண்டு கண்டால் வீட்டைக் கிண்டுவாங்கள். அடுத்த மாதம் எழுதுவம்." அந்த அடுத்த மாதம் பதினொரு மாதமாய் வரவேயில்லை.

அந்தச் சைக்கிளை ஒரு கப்பல்காரன் வித்திட்டுப் போனவன். அதில வருசா வருசம் ஜூலைக் கடைசியில பேர்னாட்டும் வலன்ரைனும் தலவில அன்னம்மாள் கோயிலுக்குப் போவினம். போக ரெண்டு நாள், அங்க ஒரு நாள், வர ரெண்டு நாள். கொன்ஸ்ரன்ஸ் ஒரே துணியில ரெண்டு சேட்டுத் தைச்சுக் குடுப்பா, நீலத்தில வெள்ளைக் கட்டம்.

"டேய், மிதிக்கிறியா, சும்மா காலை வைச்சிருக்கிறியா?"

"அண்ணை, நான் மிதிக்காட்டி நீங்க இன்னும் வத்தளையில நிப்பீங்கள்."

மூண்டாம் வருசம் அவையள் வெளிக்கிட்டது, தெகிவளையில ரயிலில குண்டு வெடிச்ச கிழமை. "இந்த முறை விடுங்கோவன்" எண்டு கொன்ஸ்ரன்ஸ் சொன்னவ. நேர்த்திக்கடன் எண்டு போனவை. முதல் நாள் பிரச்சினையில்லை, சிலாபத்தில படுத்தினம். அடுத்த நாள் விடிஞ்சு கொஞ்சத் தூரம் போக ரோட்டை மறிச்சு ஒரு சென்றி. ஆமிக்காரன் அடையாள அட்டையைப் பார்த்தான். மன்னார். பொலிஸ் பதிவு எங்க எண்டான். வலன்ரைனிட்ட இல்லை. ஆமிக்காரன் பேர்னாட்டைப் பார்த்தான். இவன் ஆர், ஆரின்ர வீட்டில இருக்கிறான்?

"தன்னே நே சேர்" எண்டார் பேர்னாட். தெரியாது சேர். ரோட்டில நிண்டவன், லிஃப்ட் குடுத்தனான்.

ஆமிக்காரன் சைக்கிளைப் பார்த்தான். ஒரு சேட்டைப் பார்த்தான், மற்றச் சேட்டைப் பார்த்தான். சிரிப்பு வந்திட்டுது. மற்றவனையும் கூப்பிட்டுக் காட்டினான். சிரிச்சு முடிச்சிட்டு வலன்ரைனை ட்ரக்கில ஏறச் சொன்னான்.

அந்த நீளச் சைக்கிளை நிண்ட இடத்தில திருப்புறதெண்டால் பின்பக்கத்தைத் தூக்கித்தான் வைக்கவேணும். அது எப்பவும் வலன்ரைனின்ர வேலை. தூக்கி, சென்றியைப் பார்த்து நிண்டதைக் கோயிலுக்குப் போற புத்தளம் ரோட்டுப் பக்கம் திருப்பி வைச்சிட்டுத்தான் ட்ரக்கில ஏறினவன்.

பேர்னாட் அதோட திரும்பி வரேல்லை. தனிய மிதிச்சுக் கோயிலுக்குப் போய், ரெண்டு மெழுகுதிரி கொழுத்தி, சொன்னமாதிரி ஐஞ்சாம் நாள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். முன்னறைக் கட்டிலை மடிச்சு வைச்சார்.

வலன்ரைன் இன்னும் உள்ளுக்கை, மறியலில. இவன் என்ர வீட்டில இருந்தவன், என்னோட வேலை செய்தவன் எண்டு பேர்னாட் ஒரு கையெழுத்து வைச்சால் வெளியில எடுக்கலாம் எண்டு கோர்ட் இருக்கிற புதுக்கடையில லோயர் சவுந்தரநாயகம் சொல்லிப்போட்டார். கையெழுத்து வைச்சால், பிறகேன் அவனை எழுதிக் குடுக்கேல்லை எண்டு கேப்பாங்கள். அதுக்கு அவரையும் உள்ளுக்கை போடுவாங்கள். பேர்னாட் புதன்கிழமையில புதுக்கடைக்குப் போவார். லோயரின்ர படிக்கு எதிர்த் தேத்தண்ணிக் கடையில ஒரு பணிஸ், ஒரு பிளேன்ரீ. படியைப் பார்த்துக்கொண்டே குடிப்பார். வீட்டுக்கு வந்து, "லோயர் பிஸி" எண்டுவார்.

போன புதன் வலன்ரைனின்ர அக்கா நேசம் வீட்டு வாசலுக்கே வந்திட்டா. தம்பிக்காக மன்னாரில இருந்து வந்து வெள்ளவத்தையில ஒரு லொட்ஜில கிடக்கிற மனுசி.

"தம்பி பேர்னாட், வெள்ளிக்கிழமை வழக்கு."

"அக்கா, எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள்."

"எனக்கு ஒரு தம்பி."

பேர்னாட் உள்ளுக்கை போய், பெட்டிக்குள்ள கிடந்த கட்டம் போட்ட நீலச் சேட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். "ஏறுங்கோ அக்கா. போய்க் கையெழுத்தை வைச்சிட்டு வருவம்."

ரெண்டு வருசத்துக்குப் பிறகு பின்சீற்றில ஆள். ஹாஷிம் பேக்கரி வாசலுக்கு வந்து பார்த்தவன், பகிடி விடேல்லை. "பள்ளம்" எண்டார் பேர்னாட். நேசத்துக்கு அந்தச் சட்டம் தெரியாது, இருந்தபடியே குலுங்கினா.

புதுக்கடைக்குக் கிட்ட சென்றி. ஆமிக்காரன் அடையாள அட்டை ரெண்டையும் வாங்கிப் பார்த்தான். நேசத்தின்ரயில மன்னார். பேர்னாட்டைப் பார்த்து, இவ ஆர் எண்டு கேட்டான்.

பேர்னாட் வாயைத் திறந்தார். சத்தம் வரேல்லை.

"தன்னே நே சேர்" எண்டா நேசம். சிங்களத்தில நாலு சொல் தெரியாத மனுசி. தம்பியை மறியலில பார்க்கப் போன இடத்தில அவன் சொல்லிக் குடுத்திருக்கவேணும். பேர்னாட்டைக் கையால காட்டி, "லிஃப்ட்" எண்டா.

தன்ர பொலிஸ் துண்டை எடுத்து நீட்டினா. அவன் பார்த்திட்டுப் போகச் சொன்னான். அவ இறங்கி நடந்தா. லோயரின்ர படிக்கு அங்கயிருந்து இருவது யார் தூரம் கூட இல்லை. படியில ஏறி, திரும்பி நிண்டு பார்த்துக்கொண்டிருந்தா.

பேர்னாட்டையும் போகச் சொன்னான். அவர் இறங்கினார். பின்பக்கத்துக்குப் போய், சைக்கிளைத் தனியத் தூக்கி, கொட்டாஞ்சேனைக்கு, வீட்டுப் பக்கம் திருப்பி வைச்சார். ஏறி மிதிச்சார். கொஞ்சத் தூரத்தில பெரிய குழி. முன்சில்லு இறங்கி ஏறினது, பின்சில்லு இறங்கி ஏறினது. அவர் பள்ளம் எண்டு சொல்லேல்லை.